பத்தாயிரம் ரூபாய் சென்ட்: அதன் விலை யாருக்குத் தெரிகிறது?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சு, இத்தாலிய ஆடை நிறுவனங்களின் பெயரில் வரும் நூறு மில்லி சென்ட் ஒன்றின் விலை நம் ஊர்க் கடைகளிலேயே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அதற்கும் மேலே இருபதாயிரம், முப்பதாயிரம் என்று போகும் புட்டிகளும் உண்டு. விலையுயர்ந்த பொருளை வாங்குவது அந்தஸ்தைக் காட்டத்தான் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சென்ட் விஷயத்தில் அந்த விளக்கம் எனக்கு ஒட்டவில்லை.

கைப்பை என்றால் அதன் முத்திரை பத்தடி தொலைவிலேயே தெரியும், கைக்கடிகாரமும் அப்படியே. சென்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. மின்தூக்கியில் பக்கத்தில் நிற்பவர் அதிகம் போனால் "நல்ல வாசனை" என்பார். அது பன்னிரண்டாயிரமா, அறுநூறா என்று அவரால் சொல்ல முடியாது. அப்படியானால் வாங்குபவர்கள் யாருக்கு எதைக் காட்டுகிறார்கள்? அல்லது காட்டுவது நோக்கமே இல்லையா? "அவரவர் பணம், அவரவர் விருப்பம்" என்ற பதில் எனக்கும் தெரியும் என்பதால், அதைத் தாண்டி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: பழைய ஏடு

சென்ட் தன் வாசனையால்தான் அந்தஸ்தைச் சொல்லியாக வேண்டும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் இருக்கிறது. ஆடை நிறுவனங்களின் சென்ட்டைப் பொறுத்தவரை பேசுவது பெயரும் புட்டியும் பெட்டியும்தான். வாசனை கடைசியில்தான் வருகிறது.

பாரீஸின் ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே 1911-இல் சென்ட் விற்கத் தொடங்கியபோது அதற்குத் தன் பெயரை வைக்காமல் மகள் ரோசினின் பெயரை வைத்தார். பத்தாண்டு கழித்து, 1921-இல், இன்னொரு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் தன் பெயரையே வைத்து, எர்னஸ்ட் போ என்ற கலைஞர் உருவாக்கிய மணத்துக்கு ஓர் எண்ணை மட்டும் சேர்த்து 'ஷனேல் நம்பர் 5' என்று விற்றார். அவர் கடையில் ஆடை தைத்துக்கொள்ள வசதி இல்லாத பெண்ணும் அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுபோக வழி பிறந்தது. ஆனால் 1924-இல் தொழிலதிபர்களான வெர்த்தைமர் சகோதரர்களோடு சேர்ந்து சென்ட்டுக்கென்று தனி நிறுவனம் அமைத்தபோது, பெயருக்கு உரிய ஷனேலுக்குக் கிடைத்த பங்கு 10 சதவீதம் மட்டுமே. அதை எதிர்த்து அவர் பல ஆண்டுகள் சண்டையிட்டார் என்பது தனிக்கதை.

1939-இல் போர் தொடங்கியதும் ஆடைப் பிரிவை மூடிய ஷனேல் அதை 1954-இல்தான் மீண்டும் திறந்தார். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பெயரில் ஆடை இல்லை. சென்ட் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது. பாரீஸ் விடுதலையடைந்த பிறகு அமெரிக்கப் படைவீரர்கள் அங்குள்ள கம்போன் தெரு ஷனேல் கடையின் முன்னால் அதற்காக வரிசையில் நின்றார்கள். அவர்கள் அதைப் பூசிக்கொள்வதற்காக வாங்கவில்லை. ஊரில் காத்திருந்த மனைவிக்கும் காதலிக்கும் தாய்க்கும் கொடுக்க வாங்கினார்கள். அடையாளத்தைப் படிக்க ஒருவர் வேண்டாமா என்றால், இங்கே படிப்பவர் பரிசைப் பெற்றவர். அவர் படித்தது பெட்டியின் மேலிருந்த எழுத்தை. இன்றும் இந்தச் சென்ட்கள் திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும் எவ்வளவு வாங்கப்படுகின்றன என்பதை விமான நிலையக் கடைகளில் கவனித்தால் புரியும்.

இன்னொரு சம்பவமும் இதையே காட்டுகிறது. ஜான் பாத்தூ என்ற பாரீஸ் ஆடை நிறுவனம் 1930-இல், பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், 'ஜாய்' என்ற சென்ட்டை "உலகிலேயே அதிக விலையுள்ள சென்ட்" என்று விளம்பரப்படுத்தியது. விலையை மறைக்கவில்லை, விலையையே பெருமையாக விற்றது. 2018-இல் எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் பாத்தூவை வாங்கிய பிறகு பழைய ஜாயின் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு அதே குழுமத்தின் டியோர், முற்றிலும் வேறொரு மணத்தை 'ஜாய்' என்ற பெயரிலேயே வெளியிட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் விற்ற ஒரு மணத்தைக் கைவிட்டுவிட்டு அதன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றால், இரண்டில் எது சொத்து என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பதில் 2: பூமண்டி

நான் சத்தியமங்கலம் பக்கம், மல்லிகையிலிருந்து மணச்சாறு எடுக்கும் ஆலைகளுக்குப் பூ வாங்கித் தரும் தொழிலில் இருப்பவன். விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குண்டுமல்லி மொட்டைப் பகலில் பறித்து வந்தாலும், இரவில் அது விரிந்த பிறகுதான் கரைப்பானில் ஊற வைப்பார்கள். விரியாத மொட்டில் மணம் இல்லை. கரைப்பானை ஆவியாக்கிப் பிரித்தால் மெழுகு போன்ற ஒன்று மிஞ்சும். அதைக் 'கான்கிரீட்' என்போம். ஆயிரம் கிலோ பூவுக்கு ஒன்றரை, இரண்டு கிலோதான் தேறும். அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் ஏறத்தாழ அதில் பாதி 'அப்சொல்யூட்' ஆகும். இதுதான் பிரான்ஸ் வரை போகிறது, கிலோவுக்கு லட்சக்கணக்கில் விலை போகிறது. முகூர்த்த மாதங்களிலும் பொங்கலை ஒட்டியும் மண்டியில் பூ விலை ஏறிவிடும்போது ஆலைகள் ஒதுங்கிக்கொள்ளும். வரத்து பெருகி விலை சரியும்போதுதான் நாங்கள் மொத்தமாக எடுப்போம்.

இவ்வளவு அரிய பொருள் என்பதால் சென்ட் விலை கூடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். 'ஓ டி பர்ஃப்யூம்' வகைப் புட்டியில் மணக்கலவை 15 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். மீதி பெரும்பாலும் ஆல்கஹால். அந்தக் கலவைக்குள்ளும் இயற்கை மல்லிகைச் சாறு இருந்தால் மிகச் சிறிதளவே இருக்கும். மல்லிகை உணர்வைத் தருவது பெரும்பாலும் ஹெடியோன் போன்ற ஆய்வகப் பொருள்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1966-இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா டியோருக்காக ஹெடியோனைக் கொண்டு செய்த 'ஓ சவாஜ்' இன்றும் மதிக்கப்படும் படைப்பு. கணக்கு இவ்வளவுதான்: கடையில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் உள்ளே இருக்கும் திரவத்துக்குப் போவது சிறு பங்கு. புட்டி, பெட்டி, விளம்பர நடிகர், கடைக்காரரின் லாபம், வரி, பெயருக்கான உரிமத் தொகை என்று மீதி பிரிந்துவிடும்.

உரிமத் தொகை என்று சொல்லக் காரணம் உண்டு. இவான் சான் லோரான், பிராடா என்ற ஆடை நிறுவனங்களின் பெயர்களில் வரும் சென்ட்களை விற்பது லோரியால் என்ற அழகுப்பொருள் நிறுவனம்; ஹியூகோ பாஸ் என்ற ஆடை நிறுவனத்தின் சென்ட்டை விற்பது கோட்டி என்ற இன்னொரு அழகுப்பொருள் நிறுவனம். மணத்தை உருவாக்குவது பெரும்பாலும் ஜிவோடான், சிம்ரைஸ் போன்ற நிறுவனங்களில் சம்பளத்துக்கு இருக்கும் வல்லுநர்கள். அதே நிறுவனங்கள்தான் சோப்புக்கும் துணி துவைக்கும் தூளுக்கும் மணம் செய்து கொடுக்கின்றன.

பதில் 3: கறுப்பு அங்கி

சட்டம் இதை எப்படிப் பார்த்தது என்பதைச் சேர்க்கிறேன். 1968-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று விசாரித்த வழக்கில், ஒரு சிறு வணிகர் தன் 7 டாலர் சென்ட்டுக்கும் 25 டாலர் ஷனேல் நம்பர் 5-க்கும் வேறுபாட்டைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்திருந்தார். ஒப்பீடு உண்மையாக இருந்தால் அப்படிச் சொல்லத் தடையில்லை என்றது நீதிமன்றம். 2006 ஜூனில், ஒரே வாரத்துக்குள், நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் ஒரு சென்ட்டின் மணத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்றும், பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் கிடையாது என்றும் தீர்ப்பளித்தன. பிரான்ஸே மறுத்துவிட்டதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

மணத்துக்குப் பாதுகாப்பு இப்படித் தள்ளாடும்போது, பெயரின் பளபளப்புக்கு மட்டும் உறுதியான பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. எந்த மலிவுச் சென்ட் எந்தப் புகழ்பெற்ற சென்ட்டை ஒத்தது என்று பட்டியல் போட்டு விற்றவர்கள் அந்தப் புகழை முறையின்றிப் பயன்படுத்திக்கொண்டதாக 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2017-இல் அதே நீதிமன்றம், கோட்டி நிறுவனம் தன் ஆடம்பரச் சென்ட்களை அமேசான் போன்ற பொதுத் தளங்களில் விற்கக் கூடாது என்று தன் விற்பனையாளர்களுக்கு நிபந்தனை விதிக்கலாம் என்றது. ஆடம்பரப் பொருளின் தரம் அதன் பொருள் இயல்பில் மட்டுமின்றி அதைச் சூழ்ந்த கவர்ச்சியிலும் இருக்கிறது என்பதே அங்கே முன்வைக்கப்பட்ட காரணம்.

துபாயில் தயாராகும் ஒத்தமணச் சென்ட்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன. வாசனைதான் அடையாளம் என்றால் அசல்கள் இந்நேரம் விற்பனையில் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை.

பதில் 4: இரவுப்பணி

மேலே எழுதியவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டாலும், வாசனையை இவ்வளவு ஒதுக்கிவிடுவதை நான் ஏற்கவில்லை. நான் வளைகுடாவில் வேலை பார்த்தவன். அங்கே வெயிலில் வேலை செய்துவிட்டு நிறுவனப் பேருந்தில் திரும்பும் தொழிலாளியையும், குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து இறங்குபவரையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடலாம். மூக்கால் விலையைப் படிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் வியர்வை படிந்த உடலா, இல்லையா என்பதை எல்லோரும் படிக்கிறார்கள், அதை வைத்து எப்படி நடத்துவது என்றும் முடிவு செய்கிறார்கள். முதல் சம்பளத்தில் சக்திக்கு மீறிய சென்ட் வாங்கும் இளைஞர்கள் பணக்காரராகத் தெரிய ஆசைப்படுகிறார்கள் என்பதைவிட, அந்தப் பார்வைக்குத் தப்ப நினைக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. அதற்கு அறுநூறு ரூபாய்ச் சென்ட் போதாதா என்றால், போதும். ஆனால் மலிவானதைப் பூசியவருக்கே அதன் மேல் நம்பிக்கை வருவதில்லை.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஒரே அமிலக் கலவையைப் பாலாடைக்கட்டி என்று சொல்லி முகரக் கொடுத்தால் விரும்பியவர்கள், வாந்தி என்று சொல்லிக் கொடுத்தபோது முகம் சுளித்ததை உளவியல் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. பெயர் மாறினால் மணமே மாறிவிடுகிறது. ஆகவே அந்த அடையாளத்தைப் படிப்பவர் யார் என்று வைகைக்கரை அவர்கள் தேடும் ஆள், பல நேரங்களில் பூசிக்கொண்டவரே.

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. ஆடைக்கடை மூடியிருந்தபோதும் சென்ட் விற்ற செய்தி என் கேள்வியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. நான்காம் பதிலைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும். அது சரி என்றால், இந்தச் செலவை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது நியாயமில்லை. பூமண்டி அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: நம் பூ விளையும் இடத்தின் பெயரைப் பெட்டியில் போட்டால் அதற்கும் விலை உண்டா?

பூமண்டி

இடத்துக்கு விலை உண்டு, ஐயா. ஆனால் எல்லா இடத்துக்கும் இல்லை. தென் பிரான்ஸின் கிராஸ் நகரத்து மல்லிகை என்று சொன்னாலே சென்ட்டின் மதிப்பு கூடும். அங்குள்ள ஒரு விவசாயக் குடும்பத்தோடு ஷனேல் 1987-இலிருந்தே ஒப்பந்தம் வைத்திருக்கிறது. கிராஸின் மணத்தொழில் திறனை 2018-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தாலும் அதன் பயன் மண்டியில் விற்கும் பூவோடு நின்றுவிடுகிறது. நம் சாறு பெட்டிக்குள் போகும்போது பெரும்பாலும் 'இந்திய மல்லிகை' என்ற அளவில் நின்றுவிடும். சத்தியமங்கலம் என்று அச்சிட்ட பெட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால் இங்கேயே எழுதுகிறேன்.