களிமண் மணி வெடிக்குது, கல்லுல ஓட்டையே விழ மாட்டேங்குது: வழி சொல்லுங்க

சென்னிமலை அம்முணி கேட்டது

சென்னிமலைக்குப் பக்கத்துல கிராமமுங்க. மூத்தவளுக்கு 9 வயசு, சின்னவனுக்கு 4. பள்ளிக்கூடம் லீவு. போன வாரம் ஒறம்பரைக்கு வந்தவிங்களைக் கூட்டிட்டு கொடுமணல் போயிட்டு வந்தோம். வாக்கப்பட்டு வந்து 12 வருசத்துல நானே இப்பத்தான் போறேன். அங்க ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே கல்லுல மணி செஞ்சாங்கன்னு கேட்டதுல இருந்து ‘நானும் கல்லு மணிதான் கோப்பேன்’னு இவ ஒத்தக் கால்ல நிக்கறா. கடையில வாங்குன பிளாஸ்டிக் பாசி டப்பா மூடி தொறக்காமக் கெடக்குது.

கொரங்காட்டுல வெங்கச்சங்கல், அதானுங்க வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லு, பொறுக்கிட்டு வந்தோம். ஆணி வெச்சு அடிச்சுப் பாத்தோம். ஆணி முனை மழுங்குனதுதான் மிச்சம்.

சரின்னு கொளத்து மண்ணைப் பெசைஞ்சு உருட்டி, கம்பியில கோத்து, மொட்டை மாடி வெயில்ல வெச்சோம். பொழுதோட போய்ப் பாத்தா முக்காவாசி கீறிக் கெடக்குது. கீறாததை அடுப்புல போட்டேன். டப்புனு ஒண்ணு வெடிச்சு இவ பாவாடையில வந்து விழுந்துச்சு. நல்ல வேளை, பொத்தலோட போச்சு.

எங்க அத்தை, ‘இதுக்குப் போய் இத்தனை வெசனமா? வேலியில குண்டுமணி காய்ச்சுத் தொங்குது, கோத்துக் குடு’ங்கறாங்க. எனக்கு என்னமோ மனசு ஒப்பலை. என்ன பண்ணலாமுங்க?

கோபி மண்கை

மொதல்ல குண்டுமணியை விடுங்க. அது கடும் விசம். முழுசா இருக்கற வரைக்கும் தோல் கெட்டியா இருக்கும், விசம் உள்ளயே நிக்கும். கோக்கறதுக்கு ஓட்டை போட்டீங்கன்னா அந்தத் தோலைத்தானுங்க ஒடைக்கறீங்க. நாலு வயசுப் பையன் வாயில போட்டு மென்னான்னா என்னாகறது? கொட்டமுத்தும் (ஆமணக்கு விதை) அப்படித்தான், அதையும் தொட வேண்டாம். அத்தைகிட்டப் பக்குவமாச் சொல்லிக்கோங்க. விதைதான் வேணும்னா தர்பூசணி விதையைக் கழுவிக் குடுங்க, தையல் ஊசியே ஏறும்.

மண்ணுக்கு வருவோம். நான் சுடுமண் நகை செஞ்சு விக்கறவ. நீங்க பண்ணுன தப்பு மூணு. கம்பியோட காய வெச்சது ஒண்ணு. மண்ணு காயக் காயச் சுருங்கும், கம்பி சுருங்காது, அப்ப மண்ணுதானே கீறணும்? ஈர்க்குச்சியைத் திருகித் திருகி உள்ள விட்டு, திருகியே உருவிருங்க. நூலை விட ஓட்டை பெருசாவே இருக்கட்டும், சுருங்கையில அதுவும் சின்னதாகும். ரெண்டாவது வெயில். நெழல்ல, ஈரத்துணி மூடி, 4 நாள் 5 நாள் ஆகட்டும். கன்னத்துல வெச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்குது. அந்த ஈரம் ஆவியாகித்தான் உங்க அடுப்புல வெடிச்சது.

மூணாவது, எடுத்ததும் பெருந்தீ. பழைய மண்சட்டியில மரத்தூளைப் போட்டு, மணியைப் பொதைச்சு, மூடி, சுத்தி வறட்டி அடுக்கிப் பத்த வெச்சுட்டு, புள்ளைகளை அக்கட்டால தாட்டி விட்ருங்க. தானா ஆறட்டும். காத்துப் படாம வெந்தது கறுப்பா வரும், காத்துப் பட்டது செவப்பு.

சின்னவனுக்கு நெல்லிக்காய் அளவுக்குக் கொறையாம உருட்டிக் குடுங்க. சின்ன மணின்னா மூக்குலதான் போகும். அனுபவமுங்க.

நொய்யல்கரையான்

எங்கப்பா 1985ல கொடுமணல்ல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வுக்குக் குழி போட்டப்ப மண்ணுக்கூடை தூக்குனவரு. பாதி துளை போட்டதோட நின்னு போன மணியெல்லாம் அங்க கெடைச்சதைத்தான் அடிக்கடி சொல்லுவாரு.

வெங்கச்சங்கல் இரும்பை விடக் கெட்டிங்க, வைரத்துக்கு 10னு வெக்கற கடின அளவுல இது 7. நம்ம படியூர்ப் பக்கத்துப் பெரில் கல்லு 7.5க்கு மேல. ஆணி என்ன பண்ணும்? வைரத்துணுக்கு பதிச்ச ஊசியை வில்லுக் கயித்துல சுத்தி, தண்ணி விட்டு விட்டுத் துளைக்கற வேலை அது. குஜராத்துல காம்பேப் பக்கம் அந்த வில்லு இன்னும் ஓடுது. ஒரு பக்கமிருந்தே போனா மறுபக்கம் சில்லுப் பேத்துரும். அதனால ரெண்டு பக்கமும் பாதி பாதி துளைச்சு நடுவுல சேப்பாங்க.

உங்க மூத்தவளுக்குக் கல்லுதான் வேணும்னா ஒடைஞ்ச கல்சட்டி இருக்குதான்னு பாருங்க. சேலத்து மாக்கல்லு, நகம் பட்டாலே கீறும். தண்ணியில நனைச்சே துளைக்கோணும், தூசி நெஞ்சுக்கு ஆகாது. இன்னொண்ணு, கொடுமணல் காட்டுல மணி கண்ணுல பட்டாப் பாத்துட்டு அங்கயே விட்ருங்க. எடுத்துட்டு வரக்கூடாது.

சென்னிமலை அம்முணி

12 நாள் கழிச்சு வர்றேனுங்க.

பொடக்காளியில அத்தையோட பழைய கல்சட்டி விளிம்பு போய்க் கெடந்துச்சு. அதுல ஒரு சில்லை எடுத்து, திண்ணையில தண்ணிக் கிண்ணத்தை வெச்சுட்டு, மூத்தவ காம்பஸ் முனையில திருக ஆரம்பிச்சா. காத்தால பத்து மணிக்கு உக்காந்தவ ஒரு மணிக்குத்தான் நிமுந்தா. ரெண்டு பக்கத் துளையும் நேராச் சேரலை, நடுவுல ஒரு கோணல். நூல் போய் முட்டிக்கிட்டு நின்னுச்சு. அழுகை. நூல் நுனியில மெழுகு தடவி வெறப்பா முறுக்கிக் குடுத்தேன், நுழைஞ்சிருச்சு. ‘அவிங்க பாதியில ஏன் விட்டாங்கன்னு இப்பத் தெரியுதும்மா’ன்னா. அந்த ஒத்தை மணியைத்தான் கழுத்துல போட்டுட்டுத் திரியறா, ரெண்டாவது செய்யற எண்ணமே இல்லை.

மண்மணி 22 வெச்சதுல 17 தேறுச்சு. ஒண்ணும் வெடிக்கலை. கறுப்பு எனக்கு, செவப்பு உனக்குன்னு ஒரு சண்டை நடந்துச்சு. கடைசியில எல்லாத்தையும் பனியன் கம்பெனி வேஸ்ட் துணி நாடாவுல கோத்து, சின்னவன் கன்னுக்குட்டிக்குக் கட்டிட்டான். அது தலையை ஆட்டறப்பெல்லாம் கடகடங்குது. தாய்ப்பசுதான் நக்கி நக்கி நாடாவை இத்துப்போக வெச்சிருச்சு, வேற எதுல கோக்கறதுங்க?

கோபி மண்கை

தேங்காய் நார்க்கயித்துல கோத்துப் பாருங்க, சித்தெ தாங்கும்.