பைத்தான்: டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும் எண் ஃப்ளோட்டாக மாற மறுக்கிறது, உதவி தேவை

கேள்வி:
நண்பர்களே, ஒரு வானிலைக் கருவி எழுதிவைத்த டெக்ஸ்ட் ஃபைலைப் படிக்கிறேன். வரிக்கு மூன்று எண்கள், நடுவில் இடைவெளி: வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம். முதல் வரி 21.4 63 1008. ஸ்ப்ளிட் செய்து (இடைவெளியில் பிரித்து) ஒவ்வொன்றாக, எழுத்தைத் தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட்டுக்குக் கொடுத்தால் முதல் எண்ணிலேயே வேல்யூ எரர் (மாற்ற முடியாத மதிப்பு என்ற பிழை) வந்து நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியில் 21.4-க்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷும் சில எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன, ஆனால் ஃபைலைத் திறந்தால் அப்படி எதுவுமே இல்லை. நோட்பேடில் அந்த வரியை அழித்துச் சேமித்துப் பார்த்தேன், அடுத்த வரி முதல் வரியாகி அதிலும் அதே பிழை. என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்றுதான் கொடுத்திருக்கிறேன்.

பதில் 1:
ட்ரை, எக்செப்ட் போட்டு (பிழை வந்தாலும் நிற்காமல் பிடித்துக்கொள்ளும்), மாறாத இடத்தில் 0 வைத்துவிடுங்கள். ஓடிவிடும்.

பதில் 2:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 0 டிகிரி என்பது உண்மையாகவே வரக்கூடிய வெப்பநிலை. நாளைக்குச் சராசரி தப்பாக வந்தால் எந்த 0 கருவி கொடுத்தது, எந்த 0 நீங்கள் வைத்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. சி மொழியில் எழுத்தை எண்ணாக மாற்றும் ஏடிஓஐ (atoi) செய்வதும் இதுதான், "abc" மாதிரி எழுத்தைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் 0 தரும், அதனால்தான் அங்கே, மாறவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வழிதரும் எஸ்டிஆர்டிஓஎல் (strtol) பயன்படுத்தச் சொல்வார்கள். பைத்தான் பிழை காட்டி நிற்பது நமக்கு நல்லது.

உங்கள் சிக்கல் பிஓஎம் (BOM, பைட் ஆர்டர் மார்க்). ஃபைலின் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் உட்கார்ந்திருக்கிறது, இது யூடிஎஃப்-8 என்று சொல்லும் அடையாளம். அது வரியோடு சேர்ந்தது இல்லை, ஃபைலோடு சேர்ந்தது. அதனால் வரியை அழித்தாலும் எடிட்டர் சேமிக்கும்போது திரும்ப எழுதிவிடும். ஃபைலைத் திறக்கும் இடத்தில் என்கோடிங் பெயரை யூடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று மாற்றுங்கள், அது அந்த அடையாளத்தை நீக்கிவிட்டுப் படிக்கும், போதும்.

கேட்டவர்:
மாற்றினேன், முதல் வரி தாண்டிவிட்டது, நன்றி! ஆனால் கொஞ்ச தூரம் போய் −2.5 என்ற எண்ணில் மறுபடி வேல்யூ எரர். இந்த முறை பிழைச் செய்தியிலும் எண் அப்பழுக்கில்லாமல் தெரிகிறது. மறைந்திருக்கும் எழுத்துகளைக் காட்டும் ரெப்ர் (repr) போட்டும் பார்த்தேன், ஒன்றும் வித்தியாசமாக இல்லை.

பதில் 3:
ரெப்ர் இங்கே உதவாது, ஏனென்றால் அது திரையில் காட்டக்கூடிய எழுத்துகளை அப்படியே காட்டிவிடும். அதற்குப் பதிலாக ஆஸ்கி (ascii) ஃபங்ஷனில் கொடுத்துப் பாருங்கள், அது அடிப்படை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் அல்லாதவற்றைக் குறியீட்டு எண்ணாகக் காட்டும். கழித்தல் குறி இருக்கும் இடத்தில் 2212 என்று வந்தால் அது விசைப்பலகையில் நாம் அடிக்கும் கோடு இல்லை, யூனிகோடின் தனிக் கழித்தல் குறி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஃப்ளோட் அதை ஏற்காது. தரவு நடுவில் ஏதாவது ஆவணம் அல்லது வலைப்பக்கம் வழியாக வந்திருந்தால் இப்படி மாறுவது சகஜம். ரீப்ளேஸ் போட்டு சாதாரணக் கோடாக மாற்றிவிட்டு அப்புறம் ஃப்ளோட்டுக்குக் கொடுங்கள்.

அப்படியே இன்னொன்று: ஈரப்பதத்தை முழு எண்ணாக வைக்க நினைத்து இன்ட் பக்கம் போனால், ஃபைலில் 63.0 என்று ஒரு வரி இருந்தாலும் அது நின்றுவிடும். முதலில் ஃப்ளோட், பிறகு இன்ட்.

கேட்டவர்:
2212 தான்! இப்போது கடைசி வரி வரை பிழையே இல்லாமல் ஓடுகிறது. ஆனால் வெப்பநிலையின் சராசரி மட்டும் நேன் (nan, 'எண் அல்ல' என்ற மதிப்பு) என்று வருகிறது, மற்ற இரண்டும் சரி.

பதில் 2:
கருவி அளக்க முடியாத நேரத்தில் எண்ணுக்குப் பதில் நேன் என்று எழுதியிருக்கும். ஃப்ளோட் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் ஏற்றுக்கொள்ளும், ஒரே ஒரு நேன் கூட்டலில் கலந்தாலும் மொத்தமும் நேன்தான். இரட்டைச் சமக்குறி போட்டுத் தேடாதீர்கள், நேன் தனக்குத்தானே சமம் ஆகாது. மேத் மாட்யூலில் உள்ள இஸ்நேன் வைத்துச் சோதியுங்கள். அந்த வரிகளைச் சும்மா தாண்டிவிடாமல், எத்தனையாவது வரி என்பதைத் தனியாக அச்சிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
அச்சிட்டேன். எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்த வரிகள், அதே வரிகளில் ஈரப்பதமும் அழுத்தமும் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆக வெப்பநிலை சென்சார் மட்டும் அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை. அதன் வயர் இணைப்பைப் போய்ப் பார்க்கிறேன்.