அரியலூர்ப் பக்கம் டைனோசர் தேடிப் போனவர்கள்

போன மாதம் நானும் மச்சானும் திருச்சியிலிருந்து சிறுகனூர் வழியாகக் காரை என்ற ஊருக்குப் பைக்கில் போனோம். டைனோசர் எலும்பை உடைத்து எடுக்க அவன் பையில் சுத்தியல் வேறு! போய்ப் பார்த்தால் பொட்டல்காடு. மழை அரித்த களிமண் மேடுகள், காலடியில் கண்ணாடிச் சில்லு போல மின்னும் ஜிப்சம். அரை மணி நேரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கூர்மையான கல் கிடைத்தது. "டைனோசர் பல்லுடா!" என்று மச்சான் குதித்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இங்க எங்க பார்த்தாலும் கெடக்கும் தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டோம். படத்தைப் பார்த்த நண்பர் சொன்னார்: அது பெலெம்னைட், கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். அந்த இடம் டைனோசர் காலத்தில் கடல். கடலடியில் நின்றுகொண்டு தரைவிலங்கைத் தேடியிருக்கிறோம்!

*

நான் அரியலூர்க்காரன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு லாரி ஓட்டிய அப்பா, கல்லாகிப்போன சிப்பிகளை விளையாடக் கொண்டுவந்து தருவார். அதனால் 2020-இல் குன்னம் ஏரியில் தூர் வாரியபோது உருண்டை உருண்டையாகக் கல் வந்து, "டைனோசர் முட்டை" என்று வாட்ஸப்பில் பரவியபோது எனக்குச் சந்தேகம்தான். சித்தப்பா மட்டும் குடும்பத்தோடு போய் செல்ஃபி எடுத்துக்கொண்டார். அது முட்டை இல்லை, அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் சுருள் ஓட்டின்மேல் மண் படிந்து இறுகிய உருண்டை என்று புவியியலாளர்கள் சொன்ன பிறகும் அவர் அந்த முகப்புப் படத்தை மாற்றவில்லை.

*

நான் புவியியல் மாணவி. முட்டை பொய்யென்றதும் இங்கே டைனோசரே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பெரிய எலும்புகளுக்கு 1987-இல் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! முதலில் ஊனுண்ணி என்று நினைத்தார்கள். பிறகுதான் நீண்ட கழுத்துள்ள இலையுண்ணியாக இருக்கலாம் என்றானது. உலகத்திலேயே பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் மாவுக்கட்டுப் போட்டு எடுத்த எலும்புகள் கட்டுக்குள்ளேயே நொறுங்கிப்போயின. மிஞ்சியவை படங்களும் அளவுகளும்தான். சரிபார்க்க எலும்பு இல்லாததால் சண்டை இன்னும் ஓயவில்லை. நாங்கள் போனபோது அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆசிரியர் கை காட்டிய வெறும் மேட்டை எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு என்னவோ துக்கவீட்டுக்குப் போனது போல இருந்தது.

அதே கல்லமேட்டில் கிடைத்த ஒரு பல்லை ட்ரூடாண்டிட் என்ற சிறு டைனோசருடையது என்று 2013-இல் அறிவித்தார்கள். அதுவரை அந்த இனம் வடகண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்தது. மேலே முதலில் எழுதிய அண்ணா, பல்தான் வேண்டும் என்றால் மச்சானைக் கல்லமேட்டுக்கு வரச் சொல்லுங்கள். சுத்தியல் வேண்டாம், அந்தச் சின்னப் பல்லுக்குச் சல்லடைதான் லாயக்கு.