கூசொளி, கூசாத்திரை: ‘கிளேர்’ குடும்பத்துச் சொற்கள்

வணக்கம்.

மானிட்டர் கையேட்டின் தமிழாக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஆன்டி-கிளேர்’, ‘ஆன்டி-ரிஃப்ளெக்டிவ்’ இரண்டுக்கும் நம் மொழிபெயர்ப்புக் குழுவின் கலைச்சொல் பட்டியலில் ‘எதிரொளிப்புத் தடுப்பு’ என்று ஒரே சொல்தான் இருக்கிறது. தனித்தனியாக வரும்வரை தொந்தரவில்லை. இரண்டும் ஒரே வரியில் வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்: “இந்தத் திரையில் எதிரொளிப்புத் தடுப்பும் எதிரொளிப்புத் தடுப்பும் உண்டு.” படிப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். அதனால்தான் ‘கிளேர்’ (கண்ணைக் கூசவைக்கும் ஒளி) என்பதற்குக் ‘கூசொளி’ என்றும், ஆன்டி-கிளேர் திரைக்குக் ‘கூசாத்திரை’ என்றும் குழுவில் முன்மொழிந்தேன். அதற்கு நீங்கள் எழுதிய மடல்களுக்குத்தான் இந்தப் பதில்.

சொல்லுக்குப் போகும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். காற்றிலிருந்து நேராகக் கண்ணாடியில் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடு உள்ளே போகாமல் திரும்பிவிடும். சாய்ந்து விழுந்தால் இன்னும் கூடும். 4 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் பகல் நேரத்துச் சன்னல் திரையைவிடப் பல மடங்கு பிரகாசமானது. அதில் 4 விழுக்காடே எழுத்துகளின் மேல் சன்னலை வரைந்துவிடப் போதும்.

இதைக் கையாள இரண்டு வழிகள். முதலாவது ‘மேட்’ திரை. மேற்பரப்பை மிக நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்குவார்கள். திரும்பும் ஒளி அப்போதும் திரும்பத்தான் செய்யும். ஒரே திசையில் போகாமல் நாலா பக்கமும் சிதறும். சன்னலின் விளிம்பு கரைந்து, வெளிறிய திட்டாகத் தெரியும். ஆன்டி-கிளேர் என்பது இதுதான்.

இரண்டாவது வழி வேறு சாதி. கண்ணாடியின் மேல் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனுக்கு ஒரு படலம் பூசுகிறார்கள். படலத்தின் மேல்புறத்தில் ஒரு பங்கு ஒளி திரும்புகிறது, அடிப்புறத்தில் ஒரு பங்கு. அடியிலிருந்து வருவது அரை அலைநீளம் கூடுதலாகப் பயணம் செய்திருப்பதால் ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து, இரண்டும் பெருமளவு அழிந்துபோகின்றன. அந்த ஒளி வீணாவதில்லை, கண்ணாடிக்குள் போய்விடுகிறது. மக்னீசியம் ஃபுளோரைடு என்றால் படலம் சுமார் 100 நானோமீட்டர் இருக்கும். 4 விழுக்காடு ஒன்றேகாலுக்கு அருகே இறங்கும். பச்சை ஒளிக்குக் கணக்கிட்ட தடிமன் சிவப்புக்கும் நீலத்துக்கும் சரியாகப் பொருந்தாததால், மிச்சம் திரும்பும் ஒளி ஊதா சாயலில் இருக்கும். கேமரா லென்ஸில் பார்த்திருப்பீர்கள். இதுதான் ஆன்டி-ரிஃப்ளெக்டிவ்.

முதல் வழி ஒளியைக் குறைப்பதில்லை, கலைக்கிறது. இரண்டாவது உண்மையிலேயே குறைக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாங்குபவர் ஏமாந்துபோவார். இனி, உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> ‘கண்கூச்சத் தடுப்பு’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் இடம் போதாத மெனுவில் எவராவது ‘கண்’ணை வெட்டிவிட்டால் ‘கூச்சத் தடுப்பு’ ஆகிவிடும். மேடையில் பேச நடுங்குபவருக்குக் கொடுக்கும் மருந்து போல. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பல் கூசுகிறது, கண் கூசுகிறது, உடம்பு கூசுகிறது, மனம் கூசுகிறது என்கிறோம். எல்லாவற்றிலும் தாங்க முடியாத ஒன்று வந்து தொட, நாம் பின்வாங்குகிறோம். அதாவது கூசுவது நம் பக்கத்தில் நடக்கிறது. ‘கிளேர்’ ஒளியின் பக்கத்தில் இருப்பது. கண்ணில் ஏற்படும் அனுபவத்துக்குக் ‘கண்கூச்சம்’ அருமையான சொல், அதை அப்படியே வைத்துக்கொள்வோம். அதை உண்டாக்கும் ஒளிக்கு வேறொரு பெயர் வேண்டும். அதற்குத்தான் ‘கூசொளி’.

> கூசொளி என்றால் ஒளிக்கே கூசுகிறது என்று ஆகாதா?

ஆகாது. குடிநீர் எதையும் குடிப்பதில்லை, நாம்தான் குடிக்கிறோம். ஆடுகளம் ஆடுவதில்லை. வினைத்தொகையில் வினையைச் செய்பவர் வெளியே இருக்கலாம். ‘கூசாத்திரை’யும் அப்படித்தான்: உண்ணாநோன்பில் நோன்பா பட்டினி கிடக்கிறது? கண் கூசாமல் பார்க்கத்தக்க திரை, கூசாத்திரை. பூச்சை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் ‘கூசாப்பூச்சு’. மூன்று சொல்லும் ஒரே வேரிலிருந்து வருவதால் ஒன்றைக் கற்றவருக்கு மற்றவை தானாக விளங்கும்.

> ‘ஆன்டி’ என்றால் ‘எதிர்’தானே? ஏன் சுற்றி வளைக்கிறோம்?

ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் என்பதை அப்படிச் செய்துபார்த்தேன். ‘எதிர்-எதிரொளிப்பு’ வந்தது. ‘எதிரொளிப்பு எதிர்ப்பு’ இன்னும் மோசம். மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ‘தடுப்பு’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. தடுத்தால் முழுதாக நின்றுவிட வேண்டும், இங்கே கொஞ்சம் மிஞ்சுகிறது. ‘அடக்கி’ சரியாக இருக்கும் என்று படுகிறது. அடங்கியது இல்லாமல் போய்விடுவதில்லை. ஆகவே ‘எதிரொளியடக்கி’, பூச்சுக்கு ‘எதிரொளியடக்கப் பூச்சு’. சற்று நீளம்தான். 1938-இல் அமெரிக்க அறிவியலாளர் கேத்தரின் பிளாட்ஜெட் இத்தகைய படலக் கண்ணாடியைச் செய்தபோது அதைக் ‘கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி’ என்றே அழைத்தார்கள். செய்தித்தாளுக்கு அது நல்ல பெயர். கையேட்டில் போட்டால் கண்ணாடி எங்கே என்று தேடுவார்கள்.

> எங்கள் பாடநூல்களில் ‘தெறிப்பு’. ‘எதிரொளிப்பு’ எங்களுக்கு அந்நியம்.

இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ‘ரிஃப்ளெக்‌ஷன்’, ‘ரிஃப்ராக்‌ஷன்’ இரண்டும் இலங்கைப் பாடநூல்களில் தெறிப்பு, முறிவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எதிரொளிப்பு, விலகல். தெறிப்பு சின்னதாக, துடிப்பாக இருக்கிறது. ‘தெறிப்படக்கி’ என்று சொல்லிப் பார்த்தால் நாக்கில் நிற்கிறது. ஆனால் மற்றவர்களுக்குத் தெறிப்பு என்றால் சேறு தெறிப்பதுதான் நினைவுக்கு வரும், அது மேட் திரையின் சிதறலோடு குழம்பும். இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் தனித்தனி மொழிக்கோப்பு இருக்கிறபடியால் அவரவர் கோப்பில் அவரவர் சொல் இருக்கட்டும். ‘பிரதிபலிப்பு’ வேண்டாம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறோம் போலிருக்கிறது.

கூசொளியும் எதிரொளிப்பும் தனித்தனியாகத் தேவை என்பதற்குக் கையேட்டிலேயே சான்று இருக்கிறது. சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அது திரையில் தெரியும்: எதிரொளிப்பு. சன்னல் திரைக்குப் பின்னால் இருந்தால் திரையில் எதுவும் தெரியாது, ஆனாலும் கண் வலிக்கும்: எதிரொளிப்பே இல்லாத கூசொளி. இதற்கு உலகத்தின் எந்தப் பூச்சும் உதவாது, திரைச்சீலையைத்தான் இழுத்துவிட வேண்டும். சன்னல் தோளுக்கு நேராக வரும்படி உட்கார்ந்தால் இரண்டும் குறையும். அந்த அறிவுரையை நம் கோப்பில் ‘திரையைச் சன்னலுக்குச் செங்குத்தாக வைக்கவும்’ என்று மொழிபெயர்த்திருந்தோம். செங்குத்து என்றால் மேல்-கீழ் என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வார்கள். ‘சன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும்’ என்று மாற்றிவிட்டேன்.

அப்புறம், ‘வாஷ்டு அவுட்’, அதாவது வெளிச்சம் பட்டுத் திரையின் நிறங்கள் மங்கித் தெரிவது. இதற்கு ‘கழுவப்பட்ட’ என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ‘வெளிறல்’ இருக்கும்போது வேறெதற்கு? துணி வெளிறுகிறது, முகம் வெளிறுகிறது, திரையும் வெளிறட்டும். நிறம் உண்மையில் போய்விடுவதில்லைதான், மேலே ஒளி படர்கிறது. அந்தப் படர்வு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு: திரையின் வெள்ளை 300 அலகு, கருப்பு 0.3 அலகு என்றால் வெள்ளை கருப்பைவிட 1000 மடங்கு பிரகாசம். அறை வெளிச்சம் சிதறித் திரை முழுவதும் வெறும் 3 அலகைக் கூட்டினால், 303-ஐ 3.3-ஆல் வகுக்க வேண்டும். 1000 மடங்கு 92 மடங்காகச் சரிந்துவிடும். வெள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கருப்புதான் அடி வாங்குகிறது. கரும்பின்னணி வைத்தால் கண்ணுக்கு இதம் என்று நம்பி, வெளிச்சமான அறையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் நம்மில் பலர்.

கூசாத்திரைக்கும் ஒரு குறை உண்டு, அதற்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. பிக்சல்கள் மிக நெருக்கமாக இருக்கும் திரையில் சொரசொரப்பின் ஒவ்வொரு மேடும் குட்டி லென்ஸாகி, கீழே இருக்கும் பிக்சல்களின் ஒளியைச் சமமில்லாமல் வளைக்கும். வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் பொடி தூவியது போல மினுமினுக்கும், தலையை அசைத்தால் மினுக்கமும் நகரும். ஆங்கிலத்தில் ‘ஸ்பார்க்கிள்’. ‘மின்னல்’ என்றால் இடிமின்னல் ஆகிவிடும். ‘பளபளப்பு’ ஏற்கெனவே ‘கிளாஸி’க்கு, அதாவது சொரசொரப்பில்லாத வழவழப்பான திரைக்கு, போய்விட்டது. இப்போதைக்கு ‘மணல்மினுக்கு’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் கோப்பை மூடும் முன் அனுப்பிவிடுங்கள்.