தரங்கம்பாடியிலிருந்து மாமாவும் அத்தையும் வருகிறார்கள்: எந்தக் கடற்கரைக்கு அழைத்துப் போவது?

செங்காங் மருமகள்:

ஜூன் பள்ளி விடுமுறைக்கு என் மாமனாரும் மாமியாரும் முதன்முறையாகச் சிங்கப்பூர் வருகிறார்கள். மூன்று வாரம் தங்குவார்கள். ஊர் தரங்கம்பாடி. மாமாவுக்கு எழுபத்தொரு வயது. நாற்பது ஆண்டு கடல் தொழில். முதலில் கட்டுமரம், பிறகு ஃபைபர் படகு. முழங்கால் மக்கர் செய்வதால் இப்போது கரையோடு சரி.

என் கணவர் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். கேளிக்கைப் பூங்கா, மீன் காட்சியகம், கண்ணாடிக் கூரைக்குள் தோட்டம். ஆறு பேருக்கு டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டேன். மீன் காட்சியகத்தைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது மாமா கேட்டார்: "மீனைக் காசு கொடுத்துப் பார்க்கவா நான் அவ்வளவு தூரம் வருகிறேன்? அங்கே கடல் இருக்கிறதல்லவா, அதைக் காட்டினால் போதும்."

ஆக, ஒரு மாலை கடற்கரை, கொஞ்சம் பாட்டு, நல்ல சாப்பாடு. இதுதான் தேவை. சில சிக்கல்கள் உண்டு. அத்தை மாட்டிறைச்சி தொடமாட்டார். 2004 டிசம்பருக்குப் பிறகு அவர் கடலில் கால் நனைத்ததே இல்லை. கடலோரத்தில் உட்காரச் சொன்னாலே எழுந்து போய்விடுவார். மாமாவுக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுதான் அவருக்குப் பாட்டு. பிள்ளைகள் இருவர், ஒன்பது வயதும் ஆறு வயதும். எங்களிடம் கார் இல்லை.

மரின் டெரஸ் பழசு:

அம்மா, உங்கள் மாமனார் ஊருக்கு அலைகள் பாடும் இடம் என்று பொருள் சொல்வார்கள். அங்கிருந்து வருபவர் எங்கள் கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கு வந்து நின்றதும் கேட்கப்போகும் முதல் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "அலை எங்கே?" சிங்கப்பூர் நீரிணையில் அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. எதிரே பாத்தாம் தீவு, மேற்கே சுமத்ரா. பெருங்கடலின் அடி இங்கே வந்து விழாது. உங்கள் மாமியாருக்கு இது நல்ல செய்தி. மாமனாருக்கு இது குளமாகத்தான் தெரியும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அவர் நிற்கப்போகும் மண்கூடக் கடலில் இருந்து எடுத்ததுதான். நான் சிறுவனாக இருந்தபோது காத்தோங்கில் வீட்டுப் பின்வாசல் படியில் இறங்கினால் கடல்நீர். 1966-இல் தூர்க்க ஆரம்பித்தார்கள். பிடோக், சிக்லாப் பக்கத்து மேடுகளை வெட்டி, கன்வேயர் பெல்ட்டில் மண்ணை அனுப்பிக் கொட்டினார்கள். அப்பாவோடு போய் வேடிக்கை பார்த்திருக்கிறேன். இன்று நான் குடியிருக்கும் புளோக் அன்றைக்கு மீன் நீந்திய இடத்தில் நிற்கிறது. இதை உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள். கடல்காரருக்கு இந்தக் கதை பிடிக்கும், அல்லது கோபம் வரும். இரண்டில் எதுவானாலும் பேச்சு வளரும்.

இனி வழி. 2024 ஜூனில் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை இந்தப் பக்கம் வந்துவிட்டது. சிக்லாப் நிலையத்தில் இறங்குங்கள். விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையில் நடந்தால் பூங்கா. ஐந்து மணிக்கு முன் போகாதீர்கள். இங்கே கோடை என்று தனியாக ஒன்று இல்லைதான், ஆனாலும் மே, ஜூன் புழுக்கம் வேறு மாதிரி. 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983-க்குப் பிறகு அவ்வளவு சூடு அதுதான். மழையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஜூன் மாதத்தில் 'சுமத்ரா' காற்றுமழை பெரும்பாலும் விடிகாலையிலோ காலையிலோ அடித்துவிட்டுப் போய்விடும். மாலைக்கு அது ஒரு வசதி.

சாப்பாட்டுக்கு லகூன் உணவங்காடி நிலையம். மேசையிலிருந்து பார்த்தாலே கடல். திருக்கையை வாழையிலையில் வைத்து, பெலாச்சான் என்கிற இறால் விழுது போட்ட சம்பலைப் பூசிச் சுடுவார்கள். எலுமிச்சையைப் பிழிந்து சாப்பிட வேண்டும். அப்புறம் சாத்தே, குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி. கோழி, ஆடு, மாடு மூன்றும் ஒரே கரியடுப்பில் வேகும் என்பதால், மாமியாருக்கு அதை விட்டுவிடுங்கள். அவருக்கு வேறு கடையில் பொரித்த மீனும் சோறும் கிடைக்கும். அந்தக் காலத்தில் சாத்தேக்கு ஒரு பொதுச் சட்டியில் வேர்க்கடலைக் குழம்பு, தின்ற குச்சிகளை எண்ணிக் காசு. பழைய சாத்தே கிளப் அப்படித்தான் இருந்தது. எஸ்பிளனேட் பூங்காவில் இருந்த அதை 1995-இல் எடுத்துவிட்டார்கள். குச்சியை மேசைக்கடியில் ஒளித்த குற்றம் என் கணக்கில் உண்டு. இப்போது எண்ணி வாங்க வேண்டியதுதான், பத்துக்குக் குறைந்தால் பல கடைகளில் முகம் சுளிப்பார்கள்.

சாப்பிட்டதும் கிழக்கே மெல்ல நடந்து பிடோக் படகுத்துறைக்குக் கூட்டிப் போங்கள். ஏறத்தாழ 250 மீட்டர் கடலுக்குள் நீளும் பாலம். இரவும் பகலும் தூண்டில்காரர்கள் இருப்பார்கள். உங்கள் மாமனாரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் நகர்ந்துவிடலாம். சனி, ஞாயிறு வேண்டாம்; சைக்கிள்களுக்கு நடுவில் முழங்கால் வலிக்காரர் நடக்க முடியாது.

கப்பல் பட்டறைக்காரன்:

அக்கா, எனக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுப்பு. நாங்கள் அறை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சாங்கி கடற்கரைக்குத்தான் போவோம். தானா மேராவில் 2-ஆம் எண் பஸ் ஏறினால் சாங்கி வில்லேஜில் கொண்டுபோய் விடும். புளிச்சோறும் கருவாட்டுத் தொக்கும் கட்டிக்கொண்டு போவோம், செலவு பஸ் காசு மட்டும். விமானங்கள் தலைக்குமேல் தாழப் பறந்து இறங்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? நான் ராமநாதபுரம். ஊர் நினைப்பு வந்தால் அந்த மணலில் படுத்துக்கொண்டு எந்த விமானம் திருச்சிக்குப் போகிறது என்று பந்தயம் கட்டுவோம். யாரும் ஜெயித்தது இல்லை.

மாமாவுக்குப் படகு வேண்டுமென்றால் பக்கத்திலேயே புலாவ் உபின் தீவுக்கு மோட்டார் படகு உண்டு. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டாலே ஐயா ஒரு கருத்துச் சொல்வார். உணவங்காடியில் நாசி லெமாக் வாங்க வரிசை நீளமாக இருக்கும், நின்றாலும் தகும். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பல், அத்தைக்கும் ஒத்துக்கொள்ளும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:

தம்பி சொன்னது சரி, ஆனால் உபினுக்குப் போவதென்றால் நீர்வற்று நேரம் பார்த்துப் போங்கள். அந்தத் தீவின் செக் ஜாவா சதுப்புக் கரையில் கடல் பின்வாங்கும் நேரத்தில்தான் நண்டும் நட்சத்திர மீனும் தெரியும். ஏற்றத்தில் போனால் வெறும் பலகைப் பாலம். மணல் ஈக்கள் கடிக்கும், பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை போடுங்கள்.

பாட்டுக்கு நான் எஸ்பிளனேட் கலையரங்கத்தைச் சொல்வேன். 2002 அக்டோபரில் திறந்ததிலிருந்து, நீர்க்கரையில் இருக்கும் அதன் திறந்தவெளி அரங்கில் வாரக்கடைசிகளில் இலவச நிகழ்ச்சி நடக்கிறது. நவம்பரில் வந்திருந்தால் கலா உத்சவம் என்கிற இந்தியக் கலை விழாவே கிடைத்திருக்கும். ஜூனில் என்ன இருக்கிறது என்பதை அவர்களுடைய நிகழ்ச்சி நிரலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாமாவுக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது என்றால் மலாய்க் கொட்டு பிடிக்கலாம். கடற்காற்றும் கிடைக்கும்.

மரின் டெரஸ் பழசு:

டீச்சர், கடற்காற்று வேண்டுமானால் வரும். அந்தத் தண்ணீர் கடல் இல்லை. 2008-இல் மரீனா அணைக்கட்டு வந்த பிறகு அந்த விரிகுடா நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. கடல் காட்டுகிறேன் என்று குடிநீர்த் தொட்டியைக் காட்டினால் அந்த மனிதர் என்ன நினைப்பார்?

தொடக்கப்பள்ளி ஆசிரியை:

ஐயா, அவர் குடித்துப் பார்க்கவா போகிறார்?

செங்காங் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்தோம், அதனால் எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை ஐந்தரைக்குச் சிக்லாப்பில் இறங்கினோம். சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்ததும் மாமா நின்று, நிறைய நேரம் பார்த்துவிட்டு, "அலை எங்கே?" என்றார். நானும் என் கணவரும் சிரித்துவிட்டோம். அவருக்குக் காரணம் புரியவில்லை. மண் தூர்த்த கதையைச் சொன்னேன். கோபம்தான் வந்தது, பழசு ஐயா. "கடலிடமிருந்து எடுத்தால் கடல் சும்மா இருக்குமா?" என்றார். இங்கே அறுபது ஆண்டாக அது சும்மா இருக்கிறது என்று என் கணவர் சொல்ல, அப்பாவும் மகனும் சாப்பாட்டு மேசை வரை இதையே பேசிக்கொண்டு வந்தார்கள்.

திருக்கை வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "சம்பல் நன்றாக இருக்கிறது. மீன் ஐஸில் கிடந்த மீன்." ஆனால் இலையில் முள் மட்டும் மிஞ்சியது. பிள்ளைகள் கோழிச் சாத்தே முப்பது குச்சி. சாப்பிட்டு எழுந்தபோது தட்டை நாமே கொண்டுபோய் அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் உண்டு என்றேன். காசும் கொடுத்து வேலையும் செய்வதா என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாத் தட்டுகளையும் அவரே சுமந்து போனார்.

அத்தை கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டியதும் நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் விளக்கு எரிய ஆரம்பித்தது. என் சின்னவள் எண்ணத் தொடங்கினாள், இருபத்தொன்பதுக்குப் பிறகு இருபத்துப்பத்து என்றாள். அத்தையால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மீதியை அவளுக்கு எண்ணிக் கொடுத்தார். நாற்பத்தாறு வந்தது. தண்ணீர்ப் பக்கம் அவர் போகவில்லை.

படகுத்துறையில் ஒரு மலாய்ப் பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மாமா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தெரியாது. அவர் கையால் நீளத்தைக் காட்டி "தெங்கிரி" என்றார். மாமா அதைவிட அகலமாகக் கையை விரித்து, அதே மீனைத் தமிழில் "வஞ்சிரம்" என்றார். அப்படியே முக்கால் மணி நேரம் போனது. சற்றுத் தள்ளி நான்கைந்து இளைஞர்கள் கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் விரல் கைப்பிடிக் கம்பியில் தாளம் போடுவதைப் பார்த்து, "அம்பா பாடுங்களேன்" என்றேன். "இந்த வேகத்துக்கு வலை வராது, அறுந்துவிடும்" என்று சொல்லிவிட்டார். திரும்பும்போது ரயிலில், பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்காத குரலில், ஏலேலோ என்று எதையோ இழுத்துக்கொண்டு வந்தார். செங்காங் வரை நிற்கவில்லை. இடையில் மாறிய ரயிலிலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

எஸ்பிளனேட் இந்தச் சனிக்கிழமை. உபின் அடுத்த வாரம், அத்தை வீட்டிலிருப்பார். ஆனால் மாமா வெள்ளிக்கிழமை மறுபடியும் படகுத்துறைக்குப் போக வேண்டும் என்கிறார். அந்தப் பெரியவர் வரச் சொன்னாராம். எந்த மொழியில் சொன்னார் என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. தூண்டில் வாங்கிவிட்டோம். செங்காங் பக்கத்தில் இரைக்கு உயிர் இறால் எங்கே கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?