அடி, அங்குலத்துக்குச் சதுர அடைப்பு: போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன் எழுதிய அனுபவம்

கிளிநொச்சியில் இருந்து:

எங்கள் பக்கத்துக் கமக்கார அமைப்பு ஒன்றுக்குக் குளத்து நீர்மட்டப் பதிவுகளைக் கணினியில், போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றிக் கொடுத்தேன். கொப்பியில் 28-10 என்றால் 28 அடி 10 அங்குலம். முதலில் தசம எண்ணாகப் போட்டேன். 28-1, 28-10 இரண்டும் 28.1 ஆகிவிட்டன. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் கூடிப் பேசும்போது ஒன்பது அங்குலம் சின்ன விஷயமில்லை.

காம்போசிட் டைப், அதாவது பல புலங்களைச் சேர்த்த தரவு வகை, செய்து பார்த்தேன். மட்டம் என்ற நெடுவரிசையிலிருந்து (மட்டம்).அடி என்று புள்ளி வைத்து எடுக்கலாம், ஆனால் உள்ளே போட (28,10) என்றுதான் எழுத வேண்டும். கொப்பியில் இருக்கிறபடியே 28-10 என்று ஏற்க, சி மொழியில் சொந்த டைப் ஒன்றை எக்ஸ்டென்ஷனாக, அதாவது போஸ்ட்கிரெஸோடு சேர்க்கும் துணை நிரலாக, எழுதினேன். அதில் புள்ளி வேலை செய்யாது. எடுப்பதற்கு ஃபங்ஷன் போதும்; அங்குலத்தை மட்டும் திருத்துவதுதான் கரைச்சல்.

சதுர அடைப்பு அங்கேதான் கைகொடுத்தது. 2021இல் வந்த போஸ்ட்கிரெஸ் 14 இலிருந்து எந்த டைப்புக்கும் சப்ஸ்கிரிப்ட் ஹாண்ட்லர் ஒன்றை, அதாவது [ ] அடைப்பைக் கையாளும் ஃபங்ஷனை, கொடுக்கலாம். ஜேசன்பி (jsonb), எச்ஸ்டோர் (hstore) என்ற டைப்புகள் இரண்டுக்கும் அதே பதிப்பில்தான் அடைப்பு வந்தது. ஏற்கெனவே இருக்கிற டைப்புக்கு ஆல்டர் டைப் கட்டளையால் சேர்க்கலாம். அதை எக்ஸ்டென்ஷனின் அடுத்த பதிப்பு ஸ்கிரிப்டில் போட்டேன், பழைய தரவில் கைவைக்கத் தேவைப்படவில்லை. இப்போது மட்டம்['அங்குலம்'] என்று எடுக்கலாம், அப்டேட்டில் அதற்கே மதிப்பும் கொடுக்கலாம்.

ஹாண்ட்லர் தருவது ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல விஷயங்களைச் சேர்த்துக் கட்டிய சி மொழிப் பொதி. அதில் ஒரு ஃபங்ஷன் வினவலைப் பாகுபடுத்தும்போது அடைப்புக்குள் இருப்பதைச் சரிபார்க்கும். இன்னொன்று, ஓடும்போது எடுக்கவும் போடவும் எதை அழைப்பது என்று சொல்லும். [1:2] போன்ற ஸ்லைஸ் (இதிலிருந்து இதுவரை என்ற வீச்சு) வந்தால் பிழை காட்டச் செய்தேன்.

நான் இரண்டு இரவு தூங்காதது வேறு விஷயத்துக்கு. மதிப்புப் போடும் ஃபங்ஷனில், வந்த பாயிண்டர் (நினைவக முகவரி) காட்டிய இடத்திலேயே நேரடியாக அங்குலத்தை மாற்றிவிட்டேன். பரீட்சித்தபோது எல்லாம் சரி. ஒருநாள் பிழையாகத் திருத்திவிட்டு, செய்ததை மீளப் பெற ரோல்பேக் கொடுத்தேன், பழைய எண் திரும்பி வரவில்லை. அந்தப் பாயிண்டர், பஃபரில் (தரவுத்தளம் அட்டவணையை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) இருக்கும் பக்கத்தையே காட்டியிருக்கிறது. பழைய வரிசையையே நான் எழுதி அழித்திருக்கிறேன். பாலாக் (palloc) ஃபங்ஷனால் புதிய நினைவிடம் ஒதுக்கிப் பிரதி எடுத்து, பிரதியில் மாற்றித் திருப்பிக் கொடுத்ததும் சரியானது. நல்ல காலம், கொப்பி கையில் இருந்தது.

வவுனியாவில் இருந்து:

அண்ணா, எனக்கு நல்-இல் (null, மதிப்பே இல்லாத நிலை) சிக்கல் வந்தது. மட்டமே பதியாத நாளுக்கு அங்குலத்தைப் போடப் போனால் செர்வர் விழுந்துவிட்டது. பழைய மதிப்பு நல் என்றால் பாயிண்டரைத் தொடக்கூடாது என்று பிறகுதான் விளங்கியது. இப்போது அடியைப் பூச்சியம் என்று வைத்து மதிப்பைப் புதிதாகக் கட்டுகிறேன்.

கிளிநொச்சியில் இருந்து:

தம்பி, அந்த இடத்தில் நான் பிழை காட்டச் சொல்லியிருக்கிறேன். அடி தெரியாமல் 10 அங்குலம் மட்டும் பதிந்தால், குளம் வற்றிக் கிடப்பதாக அல்லவா வாசிப்பார்கள்? அப்புறம் ஒன்று: இந்த டைப்பை உருவாக்கவும் ஹாண்ட்லரைச் சேர்க்கவும் சூப்பர்யூசர் (தரவுத்தளத்தின் முழு அதிகாரம் உள்ள கணக்கு) உரிமை வேண்டும். வாடகைக்கு எடுக்கும் கிளவுட் தரவுத்தளங்களில் அது பெரும்பாலும் கிடைக்காது, முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். நான் அமைப்பின் அலுவலகக் கணினியிலேயே ஓட விட்டிருக்கிறேன்.