பட்டுப்புடவைக்குக் கையால் ஃபால்ஸ்: வெளியே தெரியாமல் தைப்பது எப்படி?

புதுஊசி:
அம்மாவின் கல்யாணப் பட்டு. அரக்கு உடல், மூன்று அங்குலப் பச்சைக் கரை, நடுவே ஜரிகை. கடையில் ஃபால்ஸ் (கீழ்க்கரையின் உள்பக்கம் வைக்கிற பட்டைத்துணி) தைக்கக் கொடுத்தால் மெஷினில் ஓட்டிவிட்டார்கள், கரை முழுக்கச் சுருக்கம். பிரித்துவிட்டு நானே கையால் தைக்க உட்கார்ந்தேன். பச்சை நூல் அச்சாகப் பொருந்துகிறது. ஆனாலும் வெளிப்பக்கம் வரிசையாகக் குட்டிக் குழிகள். மெஷின் ஊசித் துளைகளும் மறையவில்லை. தங்கை வளைகாப்புக்கு அம்மா இதைத்தான் கட்டப்போகிறார். யாராவது சொல்லுங்கள்.

திண்ணைத்தையல்:
முதலில் துளைகள். புடவையைத் தட்டையாக விரித்து, நகத்தின் பின்பக்கத்தால் பாவு வாக்கில் (நீள இழை) நாலு முறை, ஊடை வாக்கில் (குறுக்கு இழை) நாலு முறை மெதுவாகத் தேயுங்கள். விலகின இழைகள் கிட்டே வரும். மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரி. தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

ஃபால்ஸை நனைத்துக் காயவைத்தீர்களா? அது பருத்தி, பிறகு சுருங்கும். பட்டு அதோடு சேர்ந்து அதே அளவு சுருங்காது. அப்புறம் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் கரை இழுக்கத்தான் செய்யும்.

இப்போது குழி. நிறம் பொருந்தியும் தெரிகிறது என்றால் கை இறுக்கம்தான் காரணம். பட்டு மின்னுகிற துணி, கொஞ்சம் பள்ளம் விழுந்தாலும் அங்கே ஒளி மாறிவிடும். பருத்திப் புடவையில் இதே தையல் கண்ணில் படாது. நான் இருபது வருடமாக வீட்டில் ஃபால்ஸ் தைக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கும் நூலை "சுருக்" என்று இழுக்கிற பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தைக் கைவிட ஒரு வருடம் ஆனது.

பத்தாம் நம்பர் மெல்லிய ஊசி, ஒற்றை நூல், ஒரு முழத்துக்குச் சற்று அதிக நீளம் போதும். ஃபால்ஸின் மடிப்புக்குள் ஊசியை விட்டுக் கால் அங்குலம் ஓட்டுங்கள். வெளியே வந்த இடத்துக்கு நேர் எதிரே புடவையில் ஒரே ஒரு இழை, மிஞ்சினால் இரண்டு. மறுபடி மடிப்புக்குள். நூலின் நடை முழுக்க மடிப்புக்குள் இருக்க வேண்டும், புடவைக்கு வருவது அந்த ஒரு இழைக்காக மட்டும். நூல் படிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரு சாண் தைத்ததும் புடவையை இரண்டு கையாலும் லேசாக இழுத்து விடுங்கள், இறுகின இடம் தானே தளரும். அங்கே ஃபால்ஸில் மட்டும் ஒரு கெட்டித்தையல், அதாவது அதே இடத்தில் திரும்பக் குத்தி நூலை நிறுத்துவது. நூல் எங்காவது அறுந்தாலும் ஒரு சாணோடு நிற்கும்.

ஜரிகையைக் குத்தவே கூடாது. பட்டு நூல்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பி சுற்றி முலாம் பூசியது அது. ஊசி பட்டால் கம்பி பிரிந்து உள்ளே இருக்கிற சிவப்பு நூல் எட்டிப்பார்க்கும். பக்கத்துப் பட்டு இழையைப் பிடியுங்கள்.

இன்னொன்று, உங்கள் கரை மூன்று அங்குலம்தான். ஃபால்ஸ் ஐந்து அங்குலம் இருக்கும். மேல் ஓரம் அரக்கில் விழும், அதற்கு அரக்கு நூல் வேண்டும்.

பேன்ட்மடிப்பு:
நான் ஆண்கள் உடை தைப்பவன். நூல் பற்றி மட்டும் சொல்கிறேன். நூல்கண்டில் பார்த்து நிறம் எடுக்காதீர்கள், ஒற்றை இழையை உருவித் துணிமேல் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சரியான நிறம் இல்லையென்றால் ஒரு படி அடர்ந்தது எடுங்கள். வெளிறினது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பாலியெஸ்டர் நூல் வேண்டாம். இழுபட்டால் நூல் அறாது, பழைய பட்டுதான் கிழியும்.

புதுஊசி:
அக்கா, அண்ணா, நன்றி. ஃபால்ஸை நனைக்கவே இல்லை. இன்று நனைத்துக் காயவைத்து, அரக்கு நூலில் ஒரு முழம் தைத்தேன். அம்மாவிடம் வெளிப்பக்கத்தைக் காட்டினேன், கண்ணாடி போட்டும் தையலைக் கண்டுபிடிக்க முடியவில்லை! ஃபால்ஸின் இரண்டு முனையிலும் குறுக்கு ஓரத்துக்கு இதே தையல்தானா?

திண்ணைத்தையல்:
அதேதான். மூலைகளில் மட்டும் இரண்டு கெட்டித்தையல் போடுங்கள். கட்டும்போது கால் விரல் மாட்டுவது அங்கேதான்.